'போய் வா' சொல்லும் விளையாட்டே நல்ல விளையாட்டு!



வீட்டுக்கு வீடு ஒரு சண்டை நடக்கிறது. செல்போன் சண்டை! "போனைக் கீழே வை. எந்நேரமும் கேம்தானா?" என்பது பெரியவர்கள் கட்சி. "இன்னும் ஒரே ஒரு ஆட்டம்மா... ப்ளீஸ்!" என்பது உங்கள் கட்சி. பெரியவர்களுக்கு செல்போன் விளையாட்டு எதுவுமே ஆகாது. உங்களுக்கோ எல்லாமே ஜாலி.

இரண்டு கட்சியிலும் சேர எனக்கு விருப்பமில்லை. ஏன் தெரியுமா? கடலை மிட்டாயும் தின்பண்டம்தான். கண்ணைப் பறிக்கும் சாயம் போட்ட மிட்டாயும் தின்பண்டம்தான். இரண்டும் ஒன்றாகிவிடுமா? செல்போன் விளையாட்டுகளிலும் கடலை மிட்டாய்கள் இருக்கின்றன. அளவில் சின்னவை, ஆனால், யோசித்து யோசித்துச் செய்தவை. அவற்றைத் தேடிப் பிடித்து ரசிக்க வேண்டும். மற்றவற்றை ஒதுக்க வேண்டும். இதுதான் என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

ஏழு துண்டுகளில் ஓர் உலகம்

1984ம் ஆண்டு. மாஸ்கோ நகரில் சோவியத் அறிவியல் கழகத்தின் கம்ப்யூட்டர் மையத்தில் அலெக்ஸி பஜிட்னோவ் என்பவர் வேலை பார்த்தார். அவரிடம் இருந்தது, 'எலெக்ட்ரானிகா 60' என்ற கம்ப்யூட்டர். அதில் படம் வரைய முடியாது. எழுத்துகளை மட்டும்தான் காட்ட முடியும். 'படம் இல்லாமல் என்ன விளையாட்டு?' என்று அவர் சும்மா இருக்கவில்லை. அடைப்புக்குறிகளையே பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கட்டங்களாக்கினார். அப்படிப் பிறந்ததுதான், 'டெட்ரிஸ்!'

மேலிருந்து துண்டுகள் விழும். திருப்பித் திருப்பி இடைவெளி இல்லாமல் அடுக்க வேண்டும். ஒரு வரிசை நிரம்பினால், அது மறைந்துவிடும். அவ்வளவுதான் விதி. துண்டுகள் மொத்தமே ஏழு வகை. ஏன் ஏழு? கட்டம் போட்ட கணக்கு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு கட்டங்களை ஒன்றோடு ஒன்று ஒட்டி, எத்தனை வடிவம் வருகிறது என்று வரைந்து பாருங்கள். திருப்பினால் ஒரே மாதிரி ஆகிவிடுபவற்றை ஒன்றாக எண்ணுங்கள். ஏழுக்கு மேல் உங்களால் கண்டுபிடிக்கவே முடியாது!

ஏழே சீர்களில் ஒரு குறள் எவ்வளவு சொல்லிவிடுகிறது! அதுபோலத்தான் இதுவும். ஏழே துண்டுகளை வைத்து, 40 ஆண்டுகளுக்கு மேலாக உலகமே ஆடிக்கொண்டிருக்கிறது.

செல்போனில் இந்தக் கதையைப் பிரபலமாக்கியது ஒரு பாம்பு. 1997ல் வந்த, 'நோக்கியா 6110' போனில் இருந்த, 'ஸ்நேக்' விளையாட்டைப் பற்றி அப்பா, அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். முகம் மலர்ந்துவிடும். பின்லாந்தைச் சேர்ந்த தனேலி அர்மான்டோ என்பவர், அந்த போனுக்காக அதை உருவாக்கினார். கறுப்புப் புள்ளிகளால் ஆன பாம்பு, இரை தின்னத் தின்ன நீளும். தன் உடம்பில் தானே மோதினால், ஆட்டம் முடிந்தது. 'எனக்கு எதிரி என் வால்தான்' என்பது எவ்வளவு அழகான யோசனை!

நம் ஊர் ஆடுபுலி ஆட்டத்தையும் நினைத்துப் பாருங்கள். மூன்று புலி, பதினைந்து ஆடு, தரையில் நாலு கோடு. பழைய கோவில்களின் கல் தரையில்கூட அந்தக் கட்டத்தைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். பொருள் குறைவு, ஆட்டமோ ஆழம். சின்ன விளையாட்டின் ரகசியமே இதுதான் குட்டீஸ். விதியைக் கற்க ஒரு நிமிடம். வித்தையைக் கற்க ஓர் ஆண்டு!

ரயில் விடலாம் வாங்க!

'அதெல்லாம் பழைய கதை. இப்போது போன் பெரிதாகிவிட்டதே' என்கிறீர்களா? பெரிய போன் வந்த பிறகும், வேண்டுமென்றே சின்னதாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள்.

'மினி மெட்ரோ' என்ற விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நியூசிலாந்தில் ஒரு சிறு குழு செய்தது. 2015ல் கம்ப்யூட்டருக்கும், 2016ல் செல்போனுக்கும் வந்தது. திரையில் ஒரு வட்டம், ஒரு முக்கோணம், ஒரு சதுரம். இவைதான் ரயில் நிலையங்கள். விரலால் கோடு இழுத்தால், அது தண்டவாளம். ரயில் ஓட ஆரம்பித்துவிடும். நேரம் ஆக ஆக நிலையங்கள் கூடும், பயணிகள் குவிவர். உங்களிடமோ கொஞ்சம் கோடுகள், கொஞ்சம் ரயில்கள்தான். கூட்டம் தாங்காமல் ஏதாவது ஒரு நிலையம் திணறிவிட்டால், ஆட்டம் அவ்வளவுதான்.

இந்த விளையாட்டின் தோற்றத்துக்குப் பின்னால் இன்னொரு சுவையான கதை உண்டு. லண்டன் நகரின் சுரங்க ரயில் வரைபடம், ஒரு காலத்தில் நூல்கண்டு சிக்கியது போலக் குழப்பமாக இருந்தது. மின்சுற்றுப் படம் வரைந்து பழகிய ஹாரி பெக் என்பவர், 1931ல் ஒரு புது யோசனை செய்தார். 'சுரங்கத்தில் போகிறவருக்கு மேலே தெரு எப்படி வளைகிறது என்பது எதற்கு? எந்த நிலையத்துக்கு அடுத்து எது, எங்கே மாற வேண்டும்... இது தெரிந்தால் போதாதா?' என்று நேர்க்கோடுகளும், சாய்கோடுகளும் மட்டும் வைத்து வரைந்தார். 1933ல் அந்தப் படம் அச்சாகி மக்களிடம் போனது. இன்று உலகத்தின் பல மெட்ரோ படங்கள் அந்த வழியில்தான் வரையப்படுகின்றன. அடுத்த முறை சென்னை மெட்ரோவில் ஏறினால், கதவுக்கு மேலே இருக்கும் படத்தைக் கவனியுங்கள்.

பாருங்கள்... ஒரு சின்ன விளையாட்டு, ஊரில் ஏன் பஸ்சில் கூட்டம் நெரிகிறது, ஒரு வழித்தடத்தை மாற்றினால் எங்கெல்லாம் பாதிக்கும் என்று யோசிக்க வைக்கிறது. பாடம் நடத்தவில்லை, மிரட்டவில்லை. ஆடும்போதே புரிந்துவிடுகிறது. இதைத்தான் 'நல்ல வடிவமைப்பு' என்கிறேன்.

யார் செய்தது என்று கேளுங்கள்

கட்டங்களைத் தள்ளித் தள்ளி எண்களைக் கூட்டும், '2048' விளையாட்டு உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 2ம் 2ம் சேர்ந்தால் 4. 4ம் 4ம் சேர்ந்தால் 8... இப்படியே போனால், 2048. அதாவது, இரண்டைப் பதினொரு முறை போட்டுப் பெருக்கிய எண். 2014 மார்ச்சில், இத்தாலியைச் சேர்ந்த 19 வயது இளைஞர் காப்ரியேலே சிருல்லி, ஒரு வார இறுதியில் இதை எழுதி முடித்து, இலவசமாகக் கொடுத்தார்.

ஆனால், அதற்கு ஒரு மாதம் முன்பே, 2014 பிப்ரவரியில், 'த்ரீஸ்' என்ற விளையாட்டு வந்திருந்தது. அதிலும் இப்படித்தான்: 1ம் 2ம் சேர்ந்தால் 3, 3ம் 3ம் சேர்ந்தால் 6. ஆஷர் வால்மர், கிரெக் வோல்வெண்ட் ஆகியோர், ஓர் ஆண்டுக்கும் மேலாக உழைத்து அதைச் செய்தார்கள். தங்களுக்குள் எழுதிக்கொண்ட கடிதங்களைப் பின்னால் அவர்களே வெளியிட்டார்கள். எத்தனை யோசனை, எத்தனை தோல்வி, எத்தனை அழித்தல், எத்தனை திருத்தல்! கடைசியில் மிஞ்சியது மிக எளிமையான ஒன்று. அது அவ்வளவு எளிமையாக இருந்ததாலேயே, அதைப் போன்றவை சில வாரங்களில் முளைத்துவிட்டன. அப்படி முளைத்தவற்றில் ஒன்றைப் பார்த்துப் பிறந்ததுதான், 2048. 'த்ரீஸ்' பற்றித் தெரியாதவர்கள்கூட, '2048' ஆடினார்கள்.

சிருல்லி செய்தது தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. யோசனை எங்கிருந்து வந்தது என்பதை அவர் மறைக்கவில்லை. தன் நிரலையும் எல்லோரும் பார்த்துப் படிக்கும்படி திறந்து வைத்தார். அதிலிருந்து கற்றவர்கள் நிறைய பேர். ஆனாலும், ஒன்றை மறக்கக் கூடாது. எளிமையாகத் தெரியும் பொருள், எளிதாகச் செய்த பொருள் இல்லை. பாட்டி போடும் கோலம் நமக்குச் சுலபமாகத் தெரியும். புள்ளி வைத்துப் பார்த்தால்தானே கஷ்டம் புரியும்? அதனால், ஒரு விளையாட்டு பிடித்திருந்தால், அதைச் செய்தவர் யார் என்று ஒருமுறை தேடிப் பாருங்கள். கதைப் புத்தகத்தில் எழுத்தாளர் பெயரைப் பார்ப்பதில்லையா... அதுபோல!

சின்னது எல்லாம் நல்லதா?

இல்லை குட்டீஸ். இங்கேதான் உஷாராக இருக்க வேண்டும்.

வியட்நாம் நாட்டைச் சேர்ந்த டாங் நுயென், 2013ல், 'ஃபிளாப்பி பேர்ட்' என்ற விளையாட்டை வெளியிட்டார். திரையைத் தட்டினால் குருவி மேலே எழும்பும். குழாய்களில் மோதாமல் போக வேண்டும். இதைவிடச் சின்ன விளையாட்டு இருக்க முடியாது. பல மாதம் யாரும் கண்டுகொள்ளவில்லை. 2014 ஜனவரியில் திடீரென்று பல நாடுகளில் முதலிடம் பிடித்தது. விளம்பரம் மூலம் ஒரு நாளைக்கு 50 ஆயிரம் டாலர் வருவதாக அப்போது செய்திகள் வந்தன.

அந்த ஆண்டு பிப்ரவரியில், நுயென் அதைக் கடையிலிருந்தே எடுத்துவிட்டார்! சில நிமிடம் இளைப்பாறத்தான் அதைச் செய்தாராம். மக்களோ விடாமல் ஆடி அடிமையாகிப் போனதைப் பார்த்ததும், நிறுத்திவிடுவதே நல்லது என்று முடிவு செய்தாராம். கொட்டும் பணத்தை வேண்டாம் என்று சொல்ல எவ்வளவு மனத்துணிவு வேண்டும்!

எல்லோரும் இப்படி இருப்பார்களா? மாட்டார்கள். சிலர், உங்களைப் பிடித்து வைப்பதற்கென்றே விளையாட்டைச் செய்கிறார்கள். அவர்களுடைய தந்திரங்கள் என்னென்ன தெரியுமா?

* 'உயிர் தீர்ந்துவிட்டது. அரை மணி நேரம் காத்திரு. இல்லையென்றால் பணம் கட்டு' என்பது.

* 'நேற்று வந்தாய், இன்றும் வந்தாய். நாளை வராவிட்டால் சேர்த்ததெல்லாம் போச்சு' என்று பயமுறுத்துவது.

* படிக்கும் நேரத்தில், 'டிங்' என்று மணியடித்து, 'உன் பரிசு காத்திருக்கிறது' என்று கூப்பிடுவது.

* உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாமல், ஒரு மர்மப் பெட்டியைப் பணத்துக்கு விற்பது.

இந்தக் கடைசித் தந்திரம் மோசமானது. பத்துப் பெட்டி திறந்தால், ஒன்றில் ஏதோ நல்லது வரும். எப்போது வரும் என்று தெரியாது. 'அடுத்ததில் வந்துவிடும், அடுத்ததில் வந்துவிடும்' என்று மனசு அலையும். லாட்டரிச் சீட்டும் இப்படித்தானே ஆளை இழுத்தது? எத்தனையோ குடும்பங்கள் நொந்த பிறகு, தமிழகத்தில் 2003ல் லாட்டரிக்குத் தடை வந்தது. பெல்ஜியம் நாட்டில், 2018ல், பணத்துக்கு விற்கும் இந்த மர்மப் பெட்டிகள் சூதாட்டமே என்று அரசின் சூதாட்டக் கண்காணிப்பு அமைப்பு சொல்லிவிட்டது. பெரியவர்களே ஏமாறும் வலையை, எட்டு வயதுப் பிள்ளையின் முன் விரிப்பது நியாயமா? நியாயமே இல்லை என்பது என் கருத்து.

ஒரு நாளைக்கு ஒன்றே ஒன்று

இதற்கு நேர்மாறான ஒன்றைப் பாருங்கள். அமெரிக்காவில் வாழும் ஜோஷ் வார்டில், சொல் விளையாட்டுகளை விரும்பும் தன் துணைவிக்காக, ஒரு புதிர் செய்தார். 2021ல் அதை எல்லோருக்கும் திறந்துவிட்டார். பெயர், 'வேர்டில்!' ஐந்து எழுத்து ஆங்கிலச் சொல் ஒன்றை, ஆறு முயற்சிக்குள் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒரே ஒரு சொல்தான். உலகம் முழுக்க அன்று எல்லோருக்கும் அதே சொல். முடித்துவிட்டால், நாளைதான் அடுத்தது. அப்போது அதில் விளம்பரம் இல்லை; மணி அடிக்கவில்லை. உங்கள் நேரத்தில் மூன்று நிமிடத்துக்கு மேல் வேண்டாம் என்பதே அவர் எண்ணம். 2022 ஜனவரியில், 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழ் அதை விலைக்கு வாங்கியது.

இது உங்களுக்குப் புதிதா என்ன? இந்தச் சிறுவர் பகுதியில் வரும் குறுக்கெழுத்தும், ஆறு வித்தியாசமும் இப்படித்தானே? முடித்தால் முடிந்தது. அடுத்த வாரம் வரை காத்திருக்கிறீர்கள். அந்தக் காத்திருப்பிலும் ஒரு சுகம் இருக்கிறது இல்லையா? தினமும் தீபாவளி வந்தால், தீபாவளிக்கு என்ன மதிப்பு!

வாசலுக்கு அனுப்பும் ஆப்

சில ஆப்கள் இன்னும் ஒரு படி மேலே. போனைக் கையில் கொடுத்து, 'எழுந்து வெளியே போ' என்கின்றன.

ஜெர்மனியில் ஆகன் நகரப் பல்கலைக்கழகத்தினர், 2016ல், 'ஃபைபாக்ஸ்' என்ற ஆப்பை வெளியிட்டார்கள். இலவசம், விளம்பரமும் இல்லை. போனுக்குள் இருக்கும் மைக், காந்த உணரி, அசைவு உணரி எல்லாவற்றையும் அறிவியல் சோதனைக்குப் பயன்படுத்த உதவுகிறது. அதில், சத்தம் கேட்டால் ஓடி, அடுத்த சத்தத்தில் நிற்கும் ஒரு கடிகாரம் உண்டு. அதை வைத்து ஒலியின் வேகத்தை நீங்களே அளக்கலாம்!

இரண்டு போன்களை, 5 மீட்டர் தள்ளி வையுங்கள். ஒவ்வொன்றின் அருகிலும் ஒருவர் நில்லுங்கள். முதலில் ஒருவர் பலமாகக் கை தட்ட வேண்டும். இரண்டு கடிகாரமும் ஓடத் தொடங்கும். பிறகு மற்றவர் தட்ட வேண்டும். இரண்டும் நிற்கும். இரண்டிலும் ஒரே நேரம் காட்டாது; கொஞ்சம் வித்தியாசம் இருக்கும். போகவும் வரவும் ஒலி கடந்த 10 மீட்டரை, அந்த வித்தியாசத்தால் வகுத்தால், வேகம் கிடைத்துவிடும். வித்தியாசம் சுமார் 0.029 நொடி என்றால், வினாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர். பாடப் புத்தகத்தில் படித்த எண், உங்கள் வீட்டு மொட்டை மாடியில்! சுற்றிலும் சத்தம் இல்லாத நேரமாகப் பாருங்கள்.

அப்படியே இரவில், 'ஸ்கை மேப்' ஆப்பைத் திறந்து வானத்துக்கு நேரே பிடியுங்கள். எந்த நட்சத்திரம் எது என்று காட்டும். ஜனவரி மாத முன்னிரவில், கார்த்திகைக் கூட்டத்தைக் கண்டுபிடியுங்கள். அதன் அருகே சிவப்பாக மின்னுவது ரோகிணி. இன்னும் கொஞ்சம் தள்ளி, செம்மையாகத் தெரிவது திருவாதிரை. ஆப்பில் ஆங்கிலப் பெயர்கள் இருக்கும். தமிழ்ப் பெயர்களைத் தாத்தாவிடமோ, பாட்டியிடமோ கேளுங்கள். போன் திரை கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடும். நீங்களோ வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள்!

இலவசம்தானே, என்ன நஷ்டம்?

இப்படிச் சிலர் கேட்கலாம். இலவசத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று, மனசார கொடுப்பது. இங்கிலாந்தைச் சேர்ந்த சைமன் டாதம், சுமார் 40 புதிர் விளையாட்டுகளை ஒரே தொகுப்பாகச் செய்து, விளம்பரமே இல்லாமல் கொடுத்திருக்கிறார். இணையம் இல்லாமலும் ஆடலாம். இடமும் அதிகம் பிடிக்காது. இன்னொன்று, தூண்டில் முள்ளில் கோத்த புழு. மீனுக்குப் புழு இலவசம்தான்!

பல வீடுகளில் இருப்பதே ஒரு போன். அதில்தான் அப்பாவின் வேலை, அம்மாவின் அழைப்பு, அக்காவின் படிப்பு எல்லாம். அந்த போனின் இடத்தையும், டேட்டாவையும், சார்ஜையும் ஒரே விளையாட்டு விழுங்கலாமா? சின்ன ஆப் என்றால், எல்லோருக்கும் இடம் மிஞ்சும். மினி மெட்ரோ போன்ற சிலவற்றை முதலிலேயே ஒருமுறை விலை கொடுத்து வாங்க வேண்டும். வாங்கிய பின் நச்சரிப்பு இல்லை. உழைத்தவருக்கு நேராகக் கூலி கொடுப்பது நியாயம்தான். ஆனால், பெற்றோரைக் கேட்காமல் எதையும் வாங்கக் கூடாது. சரியா?

எப்படித் தேர்ந்தெடுப்பது? புது விளையாட்டை இறக்கும் முன், நான்கு கேள்வி கேளுங்கள்.

1. இதன் விதியை நண்பனுக்கு ஒரு நிமிடத்தில் சொல்லிவிட முடியுமா?

2. தோற்றால், 'நான்தான் சரியாக யோசிக்கவில்லை' என்று தோன்றுகிறதா? 'பணம் கட்டவில்லை, அதனால் தோற்றேன்' என்று தோன்றுகிறதா?

3. இணையத்தை நிறுத்தினாலும் ஆட முடிகிறதா?

4. நான் நிறுத்த நினைக்கும்போது, 'போய் வா' என்று விடுகிறதா? கையைப் பிடித்து இழுக்கிறதா?

நான்காவது கேள்விதான் முக்கியம். நல்ல நண்பன் யார்? அம்மா சாப்பிடக் கூப்பிட்டால், 'சரிடா, நாளைக்குப் பார்க்கலாம்' என்று அனுப்பி வைப்பவன். போகவே விடாமல் சட்டையைப் பிடித்து இழுப்பவன் நண்பனா? விளையாட்டுக்கும் அதே அளவுகோல்தான். உங்கள் நேரம் உங்களுடையது. அதைக் கேட்டு வாங்கும் விளையாட்டுக்குக் கொடுங்கள். பிடுங்கும் விளையாட்டுக்குக் கொடுக்காதீர்கள்.

அப்புறம் ஒரு வேலை. ஒரு தாளும், பென்சிலும் எடுத்து, மூன்றே மூன்று விதிகளில் நீங்களே ஒரு விளையாட்டைக் கண்டுபிடியுங்கள். தம்பி, தங்கையை ஆட வைத்துப் பாருங்கள். எங்கே போர் அடிக்கிறது, எங்கே சிரிக்கிறார்கள் என்று கவனித்துத் திருத்துங்கள். அடைப்புக்குறிகளை வைத்தே ஒருவர் டெட்ரிஸ் செய்தார் என்றால், உங்களால் முடியாதா என்ன?

ஓ.கே., குட்டீஸ்... இதற்கு மேல் உங்களைப் பிடித்து வைத்தால், நான் சொன்னதற்கு நானே எதிராகிவிடுவேன். போய் வாருங்கள்!